சத்துணவில் விழுந்த பல்லி

எண்பதுகளின் நடுப்பகுதி. மொரப்பூர் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவைப் பார்வையிடப் போயிருந்தேன். ஒன்றிய அலுவலகத்தில் அந்தப் பிரிவு என் பொறுப்பு. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. விதி என்றால் எனக்கு உயிர். சமையலம்மா சோற்றை வடித்து இறக்கியதும் இரண்டு வாய் தின்று, தலையாட்டிவிட்டு, தலைமையாசிரியர் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பந்தி பாதியில் ஒரு சிறுமி வீறிட்டாள். "டீச்சர், என் தட்டுல பல்லி." சாம்பாருக்குள் கறுப்பாக, வாலோடு ஏதோ கிடந்தது. பக்கத்தில் இருந்தவள் வாந்தி எடுத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி.

இதற்கும் நடைமுறை உண்டு. உணவை நிறுத்து, மாதிரி எடு, பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர். பிசகாமல் செய்தோம். அந்தக் கறுப்பு வஸ்துவைக் குச்சியால் தள்ளிக் காகிதத்தில் மடித்து, மேலே 'பல்லி' என்று எழுதினேன். தலைமையாசிரியர் மணியடித்து எல்லாரையும் மைதானத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பிள்ளையாக விசாரித்தார்: "வயிறு வலிக்குதா? தலை சுத்துதா? வாந்தி வர்ற மாதிரி இருக்கா?" கேட்கக் கேட்க வந்தது. வரிசையாகச் சாய்ந்தார்கள். சிலருக்குக் கைகால் விறைத்தது.

அப்போதுதான் நானும் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. நாக்கு தடித்தது போலிருந்தது. உள்ளங்கை வியர்த்தது; அடிவயிறு முறுக்கியது. சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். சாகப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாரிசு வேலைக்கு என் மனைவி என்னென்ன சான்றிதழ் இணைக்க வேண்டும் என்றுகூட மனம் ஓடியது.

அதற்குள் ஊர் திரண்டுவிட்டது. "எம் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவள உசுரோட உடமாட்டன்" என்று ஒருவர் பாய்ந்தார். சமையலம்மா சுவரோடு ஒண்டி நின்றார். "சாமி சத்தியமா எல்லாம் கழுவித்தான் போட்டனுங்க. எம் மவளும் இதைத்தானுங்க தின்னா."

"அவளும்தான் உழுந்து கெடக்கறா, பாரு" என்றது ஒரு குரல். உண்மைதான். மைதானத்தில் அந்தப் பிள்ளையும் சுருண்டு கிடந்தது. சமையலம்மா அங்கே ஓட எத்தனித்தபோது எங்கிருந்தோ வந்த கல் அவர் நெற்றியைப் பிளந்தது. தலைமையாசிரியர் அவரைச் சாமான் அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு வாசலை மறித்து நின்றார்.

மாங்காய் ஏற்ற வந்த லாரி ஒன்றில் பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். லாரி கிளம்பும்போது அந்தக் கதவை இடிக்கும் சத்தம் கேட்டது.

மருத்துவர் இளைஞர். முதலில் பெற்றோரை வெளியே அனுப்பினார். பிள்ளைகளை ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி பிரித்துப் படுக்க வைத்தார். ஒரு சிறுமியின் நாடியைப் பிடித்தபடி, "நீ எவ்வளவு சாப்ட்டம்மா?" என்றார்.

"நான் சாப்டல சார். வூட்லருந்து களி கொண்டாந்தேன்."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"சோறு மட்டும்தான். சாம்பார் அப்ப அடுப்புல இருந்தது."

"அப்புறம் எதுக்கு சார் வாந்தி எடுத்தீங்க?"

மடித்து வைத்திருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். மருத்துவர் வாங்கிப் பிரித்தார். "கத்திரிக்கா காம்பு சார் இது. பல்லின்னு எழுதியிருக்கீங்க."

அதற்குள் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். அவருடைய ஜீப்பிலேயே பள்ளிக்கு விரைந்தோம். கதவு பாதி பெயர்ந்திருந்தது. மருத்துவர் காம்பை உயர்த்திக் காட்டி, பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று சொன்ன பிறகே கூட்டம் கலைந்தது. மன்னிப்பு என்று யாரும் வாய் திறக்கவில்லை. முகமெல்லாம் ரத்தம் காய்ந்திருக்க வெளியே வந்த சமையலம்மா, "எம் மவ எந்திரிச்சிட்டாளுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஓய்வு பெற்றபின் உளவியல் நூல்களைப் படித்தபோது, ஆய்வாளர்கள் இதை விளக்கி எழுதியிருப்பதைக் கண்டேன். பள்ளிகளிலும் ஆலைகளிலும் நோய் இப்படிக் கண்வழியே பரவுமாம். யாரும் நடிப்பதில்லை, உடம்பு நிஜமாகவே நோகிறது. கூட்டிவைத்தால் பெருகும், பிரித்துவைத்தால் அடங்கும். நாங்கள் விதிப்படி கூட்டிவைத்தோம்.

அன்று மாலைக்குள் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. தையல் போட வேண்டியிருந்தது ஒருவருக்குத்தான். இன்றும் எங்காவது பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் பயப்படுவதைக் கண்டால், பயந்த பொருளை நான் தேடுவதில்லை. அவர்கள் எந்த மனிதரை நோக்கிக் கை நீட்டுகிறார்கள் என்று பார்த்து, அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.