சீவலப்பேரியில் மனை பார்க்கப் போனதும் மகளின் புவியியல் படிப்பும்

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நான், ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை சீவலப்பேரிப் பக்கம் மனை பார்க்கப் போனேன். மகள் ரஹ்மத்தையும் கூட்டிப்போனதற்குக் காரணம் உண்டு. புவியியலில் பட்டம் வாங்கியவள், முதுகலையும் அதே பாடம்தான் என்று பிடிவாதமாக இருந்தாள். மலையையும் ஆற்றையும் படித்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? போகிற வழியில் பேசி மனதை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

பாளையங்கோட்டையில் காலை ஏழே முக்காலுக்கு டவுன் பஸ். சுமார் பதினைந்து கிலோமீட்டர். பெண்களுக்கு இலவசம் என்பதால் மகளுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும்தான். (சில்லறை கொண்டுபோங்கள்.) ரஹ்மத் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

மனையில் தரகர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

"மேட்டு நெலம் பாய். ஆத்துத் தண்ணி இங்கன எட்டியே பாக்காது."

சுற்றுச்சுவருக்குத் தோண்டியிருந்த பள்ளத்தில் ரஹ்மத் இறங்கினாள்.

"வாப்பா, இங்க பாருங்க. மணலு, வண்டல், திரும்பவும் மணலு. அடியில கூழாங்கல்லு எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா மேற்க சரிஞ்சு கெடக்கு. அங்கிருந்து தண்ணி தள்ளினாத்தான் இப்படி அடுக்கும்."

"அது லாரியில கொண்டாந்து நெரப்புன மண்ணு, பாப்பா."

"கொட்டுன மண்ணுன்னா கலந்துல்லா கெடக்கும், அண்ணாச்சி?"

மேல்படிப்புக்காக என்னிடம் வித்தை காட்டுகிறாளோ என்று தோன்றியது. "ஆயிரம் வருசத்துக்கு முந்தி வந்த ஆறா இருக்கும்" என்றேன். அவள் மணல் அடுக்குக்கு அடியில் விரலை விட்டு எதையோ இழுத்தாள். கசங்கிய ஷாம்பு பாக்கெட்.

"இது ஆயிரம் வருசமா வாப்பா?"

நான் தரகரைப் பார்த்தேன். "அண்ணாச்சி, ஒங்க மவளுக்கு இங்கன வீடு கட்டிக் குடுப்பீயளா?"

"அவ மெட்ராஸ்லல்லா இருக்கா" என்றவர், அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸிலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. "நெசத்தச் சொல்லு. படிக்க விடணும்னுதான் அப்படிச் சொன்னியா?"

"அப்ப வாங்கியிருக்க வேண்டியதுதான வாப்பா?"

இருபது வருட உழைப்பை அந்தப் பள்ளத்தில் போட இருந்தேன்.

ஆற்றோரம் மனை பார்க்கப் போகிறவர்கள் தரகரின் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். ஓரிடத்திலாவது இடுப்பளவு தோண்டிப் பாருங்கள். புவியியலுக்கு வேலை கிடைக்குமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் ரஹ்மத்தை முதுகலையில் சேர்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.