விதவையின் வேர்

நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். பாடத்தில் வரும் ஒரு சொல்லைப் பிடித்து அதன் பூர்வீகத்தைத் தோண்டுவது என் வழக்கம். பாடம் நடக்காது என்பதால் பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும். அன்று ‘விடோ’ வந்தது. வகுப்பே என் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன என் வீட்டுக்காரர் பிணமாகத் திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. சொல்லைக் கரும்பலகையில் பெரிதாகவே எழுதினேன். லத்தீனில் ‘விதுவா’, சமஸ்கிருதத்தில் ‘விதவா’, நம் வாயில் விதவை. எல்லாம் ஒரே குடும்பம், அடியில் கிடக்கும் பொருள் ‘பிரிக்கப்பட்டவள்’ என்றேன். மனைவி செத்தவனுக்கான ‘விடோயர்’ பிற்பாடு இதற்கே வால் ஒட்டிச் செய்தது.

“யாருகிட்ட இருந்துங்க மிஸ் பிரிக்கறாங்க?” என்றாள் முன்வரிசைப் பெண்.

“புருஷன்கிட்ட இருந்து” என்றேன்.

அடுத்த வாரம் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் இணைச்சீர் உண்டு. மணப்பெண்ணுக்கான கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அவன் கூடப்பிறந்தவளும் பிடிக்க வேண்டும். அவனுக்கு நான் ஒரே அக்கா. அந்த முனைக்கு எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

“பெரியப்பன் மவ செய்யட்டும் சாமி. நீ பந்தியப் பாத்துக்க” என்றாள் அம்மா.

தம்பியைப் பார்த்தேன். “அக்காதான் செய்யோணும்னு ஒரு வார்த்த சொல்லு.”

“பொண்ணு ஊட்டுக்காரங்க என்னங்க்கா நெனப்பாங்க?” என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கையை ஓங்கியிருப்பேன், அம்மா நடுவில் நின்றாள்.

கல்யாணத்தன்று பெரியப்பா மகள் நான் இருந்த சாமான் அறைக்கு ஓடி வந்தாள். கூறைச்சேலைக்குக் கொசுவம் வைக்க அவளுக்கு வரவில்லை. அம்மா கதவைச் சாத்திவிட்டு, “வெரசா வெச்சுக் குடு சாமி” என்றாள். வைத்துக் கொடுத்தேன். கதவு சாத்தியிருந்ததால் என் கை ஆகாத கையாக இல்லை.

மேளம் முழங்கியது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். நான் வைத்த கொசுவத்தை அவள் ஒரு பக்கம் பிடித்திருந்தாள், அவன் ஒரு பக்கம்.

வகுப்பில் கேட்ட அந்த முன்வரிசைப் பெண்ணுக்கு நான் தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை போய்த் திருத்த வேண்டும்.