நான் கண்ட முதல் சுவிஸ்

சுவிஸின் இன்டர்லாக்கனில், ஏரிக்கரைப் புல்வெளியில், மகள் சோளப்பொத்திகளைக் கரியில் சுட்டாள். தேசிக்காய்ப் பாதியை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தோய்த்து அவற்றின் மேல் தேய்த்தாள். அந்த வாசனை வந்ததும் எனக்கு ஆறு வயதாகிவிட்டது.

அப்போது, நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஊரைவிட்டுப் போன அப்பா சுவிஸில் இருந்தார். அவரிடம் போகப் புறப்பட்ட எங்கள் பயணம் டெல்லியில் தடைப்பட்டது. காசு வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பிவைக்க இருந்த ஏஜென்சிக்காரன், வழி சரிவரும்வரை இருக்கட்டும் என்று அம்மாவையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றி, நைனித்தாலுக்குக் கொண்டுபோய் விட்டான். இமயமலைச் சாரலில் ஒரு பச்சை ஏரி, நிறையப் படகுகள், கம்பளிச் சட்டை போட்ட மனிதர்கள். கரையில் ஒருவர் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார்.

"இதுதான் சுவிஸோ, அம்மா?"

வழியெல்லாம் வாந்தி எடுத்துக் களைத்திருந்த அம்மா, "ஓம், ஓம். பேசாமல் வா" என்றார்.

பதினொரு நாள் நான் படகுத்துறையில் நின்றேன். இறங்கிய ஒவ்வோர் ஆணின் முகத்தையும் கையிலிருந்த அப்பாவின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் வரவில்லை. சுவிஸில் அப்பா இல்லை என்று முடிவுகட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, சூரிச் விமான நிலையத்தில் ஒருவர் கைகளை விரித்துக்கொண்டு வந்தார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவர் ஆர்?" என்று கேட்டேன். அவர் அழுதுவிட்டார். எது சுவிஸ், எது அப்பா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அம்மா, ஆரைத் தேடுறீங்கள்?" என்றாள் மகள், சுட்ட சோளப்பொத்தி ஒன்றை என்னிடம் நீட்டியபடி.

ஏரிக் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்த அப்பா, ஊதி ஊதிச் சோளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.