அண்ணன் அழித்த சத்தங்கள்

கிட்டாருக்கான எஃபெக்ட்ஸ் பெட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அண்ணன் அதைக் கையில்கூட எடுத்துப் பார்க்கவில்லை. "வாசிக்கத் தெரியாதவனுக்குத்தான் இதெல்லாம் வேணும்" என்றான். எங்கள் இசைக்குழுவின் மற்ற மூன்று பேரும் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிரிக்க வேண்டும் என்றே சொன்னான், அவர்களும் சிரித்தார்கள்.

அது இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய்க் கட்டிய காம்பரா வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அண்ணனுக்குத் தோட்டத்து பெக்டரியில் வேலை. எனக்கு ஹட்டனில் ரேடியோ திருத்தும் கடையில். குழு அண்ணனுடையது. அவன் கீபோர்ட், நான் கிட்டார். கோயில் திருவிழா, கல்யாணம் என்று திம்புள்ளப் பக்கமெல்லாம் எங்களைக் கூப்பிடுவார்கள். புல்லாங்குழல், வயலின், வீணை என்று பாட்டில் அழகாக வருவதெல்லாம் அண்ணனின் கீபோர்டிலிருந்துதான் வரும். நான் ஓரமாக நின்று தாளத்துக்குக் கம்பியைத் தட்டிக்கொண்டிருப்பேன். அது எனக்குப் பல வருடங்களாக உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

பெட்டியில் காலால் மிதிக்கிற பட்டன்கள் இருந்தன. கிட்டார் வயரை அதில் செருகினால் சத்தத்தை முரடாக்கலாம், எதிரொலிக்க விடலாம், ஒரு கிட்டாரை இரண்டாகக் கேட்க வைக்கலாம். நாம் அமைத்த சத்தத்தை ஓர் எண்ணில் சேமித்துவிட்டால் மேடையில் ஒரே மிதியில் வந்துவிடும். அதற்குப் பேட்ச் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேட்ச் செய்வேன். கிட்டாரிலிருந்து வெளியே 'டிக் டிக்' என்ற சத்தம்தான் வரும்.

"காதுல வயர மாட்டிக்கிட்டு ஊமையாட்டம் ஒக்காந்திருக்கான் பாரு" என்று அம்மா பக்கத்துக் காம்பராக்காரியிடம் சொல்வாள்.

முதல் தடவை மேடையில் மிதித்தபோது எல்லாம் பாழ். ஹெட்போனில் தேனாக இருந்த சத்தம் கோயில் ஹார்ன் ஸ்பீக்கரில் கீச்சென்று வந்தது. அண்ணன் மைக்கிலேயே சொன்னான்: "தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுறான், மன்னிச்சுக்குங்க." கூட்டம் சிரித்தது.

அடுத்த வாரமே கடையில் கிடந்த பழைய ஹார்ன் ஒன்றைச் சரி செய்து, பெட்டியை அதில் மாட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். கீச்சை வெட்டினேன். நடுச்சத்தத்தை ஏற்றினேன். எதிரொலி பாட்டின் தாளத்தில் விழும்வரை அதன் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். எங்கள் பக்கத்துக் கரண்டில் எப்போதும் ஓர் இரைச்சல் வரும். அதை அடைக்க 'கேட்' என்று ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. அதைக் குறைத்து வைத்தால் இரைச்சல் கேட்கும். கூட்டி வைத்தால் மெல்லிய சுரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். அதற்கு நடுவில் சரியான இடத்தைப் பிடிக்கவே மூன்று வாரம் போனது.

வலப்பனையில் ஒரு கல்யாணத்தில் முதன்முறையாக ஆட்கள் மேடைக்குக் கிட்ட வந்து, கிட்டார் வாசிப்பது யார் என்று பார்த்தார்கள். அண்ணன் தலையைத் தூக்கவேயில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நான் ஒரு பேட்ச்சை வேண்டுமென்றே மற்றவற்றைவிடச் சத்தமாகச் சேமித்தேன். அண்ணன் புல்லாங்குழல் வாசிக்கிற இடங்களில் அதை மிதிப்பேன். அவன் விரல் ஓடும். புல்லாங்குழல் யாருக்கும் கேட்காது. நாலைந்து கச்சேரிகளில் அப்படிச் செய்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது.

அப்புறம் நானுஓயாப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. முதல் பக்திப் பாட்டுக்குப் பட்டனை மிதித்தேன். பூனையின் வாலை மிதித்ததுபோல ஓர் அலறல் வந்தது. வேறு எண்ணை மிதித்தேன், அதிலும் ஏதோ கூத்து. என் சத்தம் ஒன்றுகூட இல்லை. இரண்டு பட்டன்களை அழுத்திக்கொண்டு பவரைப் போட்டால் பெட்டி கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். யாரோ அதைச் செய்திருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் அண்ணனைப் பிடித்தேன். அவன் மறுக்கவில்லை.

"நீ என் சத்தத்த அமுக்குன. நான் ஒன் சத்தத்த அழிச்சேன். சரியாப் போச்சா?"

கோயில் கமிட்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க அண்ணனை அறைந்தேன். அவனும் திருப்பி அறைந்தான். மேளக்காரர் நடுவில் வந்துதான் பிரித்துவிட்டார். அன்றோடு குழுவை விட்டேன். ஒரே லயத்தில் ஒரு வருடம் பேச்சில்லாமல் இருந்தோம். "தண்ணி வந்திருச்சான்னு அவன்கிட்ட கேளும்மா" என்று அம்மா வழியாகத்தான் எல்லாம்.

அந்த ஒரு வருடமும் பழைய சத்தங்களைத் திரும்பச் செய்யப் பார்த்தேன். எண்களை எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. கிட்டத்தட்ட வந்தது, அதேதான் என்று சொல்ல முடியவில்லை.

பிறகு ஹட்டனில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மண்டபத்தில் அண்ணனின் குழு. கச்சேரிக்கு முன்னால் கிட்டாரைச் சரி பார்த்துக்கொண்டிருந்தது யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்திருந்த மாஸ்டர் ஒருவர். அவர் காலடியிலும் என்னுடையதைப் போலவே ஒரு பெட்டி. அவர் ஒரு முறை மீட்டினார். என் சத்தம், அதே எதிரொலி.

என்னைக் கண்டதும் அவரே கிட்ட வந்தார். "தம்பி, நீங்கள்தானே முந்தி இந்தக் குழுவில வாசிச்சனீங்கள்? உங்கட அண்ணர் ஒரு கொப்பி தந்தவர். எல்லா இலக்கமும் அதில எழுதிக் கிடக்கு. சரியான வடிவான சத்தம்."

அழிப்பதற்கு முன்னால் அண்ணன் ஒவ்வொன்றையும் பார்த்து எழுதி எடுத்திருக்கிறான்.

மாஸ்டர் தொடர்ந்தார். "இந்த மண்டபத்தில மட்டும் இரைச்சல் கூடவாக் கிடக்கு. என்ன செய்யலாம்?"

"அந்த 'கேட்'ட முழுசா ஏத்திருங்க, மாஸ்டர்" என்றேன்.

அவர் ஏற்றினார். பலமாக ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அது நன்றாகக் கேட்டது, இரைச்சல் மட்டும் நின்றுவிட்டது. எனக்கு நன்றி சொன்னார்.

முதல் பாட்டு கிட்டாரில் மென்மையாகத் தொடங்க வேண்டியது. மாஸ்டரின் விரல்கள் அசைந்தன. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை, மெல்லிய சுரங்களையெல்லாம் 'கேட்' விழுங்கிக்கொண்டிருந்தது. வயரை இழுத்துப் பார்த்தார், பட்டனை மிதித்தார், மறுபடி தொடங்கினார். முன்வரிசையில் யாரோ கையைத் தட்டிக் கேலி செய்தார்கள். அவர் முகம் சிவந்து கிட்டாரைக் கழற்றி வைத்தார்.

இடைவேளையில் அண்ணன் நேராக என்னிடம் வந்தான். "மாஸ்டர்கிட்ட என்னடா சொன்ன?"

"நீ திருடுனத எப்புடி வாசிக்கிறதுன்னு சொன்னேன்."

காறித் துப்பிவிட்டுப் போனான். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். அம்மா இறந்துபோனபோதுகூட எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றோம். அவனை நினைத்து எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

சில மாதம் கழித்து மாஸ்டரை நானுஓயா ஸ்டேஷனில் கண்டேன். மாற்றல் கிடைத்து ஊருக்குப் போகிறாராம். "சுகமா இருக்கிறீங்களோ தம்பி?" என்று அன்பாகக் கேட்டார். கிட்டார் எங்கே என்று கேட்டேன். "அது எனக்குச் சரிவராது எண்டு விட்டிட்டன்" என்றார். அன்றைக்கு 'கேட்'டை ஏற்றச் சொன்னது வேண்டுமென்றேதான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் ரயில் வந்தது. அவருடைய பயணப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.