போங்-சிம் கண்டுபிடித்த மூன்றாவது ருசி

தென்கொரியாவில் பூசான் துறைமுகத்துக்கு எதிரே உள்ள யோங்தோ தீவில், தொடக்கப்பள்ளிச் சமையற்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் போங்-சிம். தினமும் எழுநூறு பிள்ளைகளுக்குச் சூப்பு வைத்த கை. ஆனாலும் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "சும்மா, சமையக்கட்டுலதான்" என்று பேச்சை மாற்றிவிடுவார். ஜன்னல் வழியே ஜப்பான் கப்பல் போவது தெரியும். பார்த்ததோடு சரி.

ஓய்வு பெற்ற வருஷம், கூட வேலை பார்த்த தே-ரன் விடவில்லை. ஓரளவு ஜப்பானிய மொழி பேசுவாள்.

"வெள்ளிக்கிழமை கப்பல் ஏறினா சனிக்கிழமை காலைல ஜப்பான்ல, ஃபுகுவோக்கா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீடு. ரெண்டு நாள் மாமாவுக்கு நூடுல்ஸ் வேகவைக்கத் தெரியாதாக்கா?"

கிளம்பிவிட்டார்கள்.

இறங்கியதும் சுடுசோற்றின்மேல் காரமான மீன் சினை. ஒரு வாய் வைத்ததுமே போங்-சிம் சிரித்துவிட்டார். "அடியே, இது நம்மூரு சாமான்டி. இங்க வந்து கிமோனோ கட்டிக்கிட்டு நிக்குது!" பிறகு கோயில் வாசலில் நின்று, உள்ளே பயறு வைத்துச் சுட்ட அரிசிப் பணியாரம், ஆளுக்கு இரண்டு.

மதியம் எட்டே இருக்கைகள் கொண்ட ஒரு ஊதோன் நூடுல்ஸ் கடை. தடித்த இழைகள், தொட்டால் குழைந்தன. "நாம இப்படிக் குழைய விட்டிருந்தா பிள்ளைங்க தட்டைத் திருப்பி வெச்சிருக்கும்" என்றாள் தே-ரன். போங்-சிம்மின் காதில் அது விழவில்லை. கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

"கடற்பாசி இருக்கு. நெத்திலி இருக்கு, தலையைக் கிள்ளிட்டுப் போட்டிருக்காங்க. மூணாவதா இன்னொண்ணு இருக்கு."

"ஆரம்பிச்சாச்சா! ரிட்டயர் ஆகியும் சூப்பு உங்களை விடலையே. சாப்பிடுங்கக்கா, ஆறுது."

"கடைக்காரர்கிட்ட கேளு."

கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஏதோ சொன்னார். "கண்டுபிடிச்சா சொல்லச் சொல்றார்" என்றாள் தே-ரன்.

போங்-சிம் இன்னொரு வாய் குடித்தார். நெருப்பில் வாட்டிய மீன், ஆனால் கொழுப்பே இல்லாத மீன். பெயர் ஜப்பானிய மொழியில் தெரியாது. விரலைத் தண்ணீரில் தொட்டு மேசையில் ஒரு மீன் வரைந்தார். அதன் இரண்டு பக்கமும் நீளமாக இறக்கை வரைந்தார்.

எட்டிப் பார்த்த கடைக்காரர் உள்ளே போனார். திரும்பி வந்து, வாட்டிக் காயவைத்த பறவைக்கோலா மீன் ஒன்றை போங்-சிம்மின் உள்ளங்கையில் வைத்தார்.

"முப்பது வருஷத்துல வெளியூர்க்காரங்க யாரும் சொன்னதில்லையாம். ஓட்டல் வெச்சிருக்கீங்களான்னு கேக்குறார்."

போங்-சிம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பள்ளிக்கூடத்துல சமைச்சேன்னு சொல்லு. தினமும் எழுநூறு பேருக்கு. ஒருநாள்கூட மிச்சம் வந்ததில்லைன்னும் சொல்லு."

"முள்ளங்கி சூப்பு வெச்ச அன்னிக்கு?"

"அதை மட்டும் சொல்லாதே."

கேட்டதும் கடைக்காரர் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். போங்-சிம்மும் எழுந்து அதே அளவு குனிந்தார். உடனே கேட்காமலே ஒரு தட்டு வேர்க்கிழங்கு பஜ்ஜி வந்தது. மீனை எத்தனை நேரம் ஊறவைப்பது, எப்போது அடுப்பைத் தணிப்பது என்று இரண்டு சமையல்காரர்களும் அரைமணி நேரம் பேசினார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட தே-ரனின் நூடுல்ஸ் முழுக்க ஆறிப்போனது.

வெளியே வந்ததும், கோலாக் கருவாடு விற்கும் சந்தைக்கு வழி கேட்கச் சொல்லிக்கொண்டே போங்-சிம் முன்னால் நடந்தார். தே-ரன் ஓட வேண்டியிருந்தது.