வெள்ளைச் சட்டையில் பிபின்

அண்ணன் பிபினை வெள்ளம் அடித்துக்கொண்டு போன செய்தி வந்தபோது, ஹரேன் மோகனூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணையில் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தான். அசாமில் அவன் ஊரே தண்ணீருக்குள் கிடந்தது. உடம்பு எங்கோ கீழே ஒதுங்க, அம்மாவுக்குக் காட்டாமலே எரித்துவிட்டார்கள். ரயில்பாதை அறுந்து கிடக்கிறது, இப்போது வராதே என்று சித்தப்பா போனில் சொன்னார். ஹரேனும் மனைவி ரூபாலியும் பண்ணை அறையில் உட்கார்ந்து அழுதார்கள். கோழிகள் கத்திய கத்தலில் அவர்கள் அழுதது அவர்களுக்கே கேட்கவில்லை.

பண்ணை முதலாளி தனபால் இரக்கமுள்ள மனுசர். "இத்தன வருசமா நம்மகூட இருக்கறான். அவனுக்கு எழவுன்னா நமக்கும் எழவுதான்" என்று ஊரில் சொல்லிவிட்டார். மறுநாளே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆண்கள் ஹரேனின் கையைத் தொட்டுவிட்டு, முட்டை அட்டைக் கட்டுகள்மேல் உட்கார்ந்து மழையில்லாததைப் பற்றிப் பேசினார்கள். முட்டை பொறுக்க வரும் சின்னாயி ரூபாலியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். பாதியில் நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு ஹரேனைப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, உங்கண்ணன் பேரென்ன?"

"பிபினுங்க."

ஒப்பாரியின் மூன்றாவது அடியில் பிபின் பீமன் ஆகிவிட்டான். ஆனை பலம் கொண்டவனே, ஆத்தையே தடுத்தவனே என்று சின்னாயி உருகினாள். அரை மூட்டை அரிசி தூக்கினாலே பிபினுக்கு இரைக்கும். ஆனாலும் ஹரேனுக்குத் திருத்த மனசு வரவில்லை. தெரியாத ஆளுக்காக அவள் கண்ணிலிருந்து நிஜமான தண்ணீர் அல்லவா வந்துகொண்டிருந்தது.

தனபால் பேனர் வைக்கப் படம் கேட்டார். ஹரேனின் போனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சட்டையில்லாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிடித்த மீனைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும் பிபின். பேனர் கடை கோகுல்ராஜ் தலையை மட்டும் வெட்டி, வேறு யாருடைய உடம்பிலோ பொருத்திவிட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பையில் பேனா. மேலே 'கண்ணீர் அஞ்சலி: அசாம் திரு. பீமன்'. பக்கத்தில் கைகூப்பியபடி தனபால், மீசையோடு, பிபினைவிடப் பெரியதாக.

பஸ் ஸ்டாப்பில் அதைப் பார்த்ததும் ஹரேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. சிரித்து முடிக்கையில் அழுதுகொண்டிருந்தான். படம் எடுத்து ஊருக்கு அனுப்பினான். வெள்ள நிவாரண முகாமிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"அவன் உன்கிட்ட வந்துட்டானா?"

"இல்லம்மா. செத்ததுக்கு வெச்சது."

அம்மா கேட்டாள், "சட்டை யார் வாங்கிக் கொடுத்தது?"

"முதலாளி" என்றான் ஹரேன். வேறென்ன சொல்வது?

"மகராசனா இருக்கட்டும்" என்றாள் அம்மா.

ரயில் ஓடத் தொடங்கியதும் ஹரேன் கிளம்பினான். அதற்குள் பேனரைக் கழற்றித் தீவன மூட்டைமேல் போர்த்தியிருந்தார்கள். கேட்டு வாங்கிக் கழுவி, சுருட்டிக்கொண்டு, சேலத்தில் ரயில் ஏறினான். ஊரில் பெட்டியும் படங்களும் எல்லாமே ஆற்றோடு போயிருந்தன. புதுக் குடிசைக்கு ஒரு பக்கம் மறைப்பும் இல்லை. பேனரே சுவரானது. அம்மா தினமும் அதன்முன் விளக்கு வைத்தாள், இரண்டு பேருக்கும் சேர்த்து.

போனில் இதைக் கேட்ட தனபால் பதறிப்போனார். "ஏப்பா, உசுரோட இருக்கறவனுக்கா வெளக்கு?"

"எடுக்கச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம், உடு. பெத்த மனசு. வரும்போது எம்பக்கத்த மட்டும் கத்தரிச்சுப் போட்டுட்டு வந்துரு."

"செரிங்க" என்றான் ஹரேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. காற்றில் சுவர் உப்பி உப்பி அடங்கியது. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. கத்தரியைத் தேட அவனுக்குத் தோன்றவில்லை.