குழிக்கு எட்டாத கட்டில்

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு குழிகள் இருந்தன. முன்கூடத்தில் தெருவாசலை ஒட்டி என் கணவருடைய தறிக்குழி. அதற்குப் பின்னால், உள்ளறை வாசலுக்குப் பக்கத்தில் என்னுடையது. உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தரையில் வெட்டிய குழி அது. இடுப்பளவு ஆழம், அடியில் கருங்கல், கல்லின் மேல் மிதிபலகைகள். ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டுக்கு அடுப்பு எப்படியோ அப்படித்தான் அதுவும். அடுப்பைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, வீட்டில் ஒரு குழந்தை தவழ ஆரம்பிக்கும்வரை.

எழுபதுகளின் கடைசியில் என் மகள் தவழ ஆரம்பித்தாள். அதுவரை உத்தரத்தில் புடவைத் தூளி கட்டி, ஒரு கயிற்றை என் தறியிலிருந்தே இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதம் அவள் தூளியின் விளிம்பைப் பிடித்து எழுந்து வெளியே எட்டிப் பார்த்தாள். அன்றைக்கே அதை அவிழ்த்துவிட்டேன்.

எங்கள் தெருவில் நெற்றியில் தழும்பு இல்லாத ஆண்கள் குறைவு. என் கணவருக்கும் இடது புருவத்தின் மேல் ஒன்று உண்டு. தவழ்கிற வயதில் அவருடைய அப்பாவின் குழியில் விழுந்தது. அதைப் பெருமையாகத் தொட்டுக் காட்டுவார். எதிர்வீட்டுப் பெண் குழந்தை விழுந்ததில் இடது கை இன்றுவரை முழுதாக நீளாது. அதை யாரும் தொட்டுக் காட்டுவதில்லை.

குழந்தை பிறந்ததும் பெண்கள் தறியைவிட்டு இறங்கிவிடுவதுதான் தெருவின் வழக்கம். இறங்கியவுடன் குழியின் மேல் பலகை போட்டு மூடிவிடுவார்கள். மிதிகயிறுகள் குழிக்குள் தொங்கும்போது பலகை போட முடியாது என்பதால், மூடுவது என்றால் தறியையே அவிழ்த்துவிடுவது என்று பொருள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லி மூடிய இரண்டு குழிகள் எனக்குத் தெரியும். ஒன்றின் மேல் அரிசி டிரம் நிற்கிறது. இன்னொன்றின் மேல் பீரோ. என் பிறந்த வீட்டில் பெண்கள் நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுப்பதோடு சரி, தறியில் உட்கார்ந்து புடவைக் கரை நெய்யக் கற்றுக்கொள்ள நான் ஆறு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அரிசி டிரம்முக்காக அல்ல.

என் நாத்தனார், கணவரின் அக்கா, நாலு வீடு தள்ளி இருந்தார். அம்மா இல்லாத தம்பியை வளர்த்தவர், அதனால் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. குழந்தையை வைத்துக்கொண்டு தறியில் உட்கார்வது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது போல என்றார். பலகைகள் தன் வீட்டுக் கொல்லையில் தயாராக இருப்பதாகவும் சொன்னார். யாரும் என் கணவரைத் தறியைவிட்டு இறங்கச் சொல்லவில்லை. அவருடைய குழியும் அதே ஆழம்தான். இதை நான் ஒருமுறை சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஒரு கட்டில் வாங்கலாம் என்றேன். நாலு பக்கமும் கம்பி வைத்த குழந்தைக் கட்டில். எங்கள் ஊரில் அது ஆஸ்பத்திரியிலும் டாக்டர் வீட்டிலும் இருக்கிற பொருள். நாத்தனார், சரி, பார்ப்போம், ஆனால் குழந்தைக்கு ஒரு சின்ன ஆபத்து என்றாலும் மறுநாள் பலகை வரும் என்றார். என் கணவர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

உள்ளறை ஏழடி அகலம். அரிசி, பாய், டிரங்குப் பெட்டி போக மூலையில் கொஞ்சம் தரை மிச்சம். அதை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, பாப்பாவின் ரூம் என்று என் கணவர் கூப்பிட ஆரம்பித்தார். தெருவில் கேலி செய்தார்கள். புடவை அளக்கிற கஜக்கோலால் மூலையை அளந்தோம். இரண்டடிக்கு மூன்றடி. அதற்கு மேல் ஒரு விரல் கூடினாலும் கதவு திறக்காது. அறையின் வாசல் குறுகல், கட்டில் அதிலும் நுழைய வேண்டும். ஏனென்றால் பகலில் குழந்தையைக் கதவுக்குள் விட்டால் எங்களைக் காணாமல் வீறிடுவாள். பகலில் கூடத்துக்கு இழுத்து வரவேண்டும், இரவில் அறைக்குள் தள்ள வேண்டும். ஆகவே சின்னதாகவும் இருக்க வேண்டும், கனமில்லாமலும் இருக்க வேண்டும்.

முதலில் வேலூருக்கு பஸ் ஏறினோம். பெரிய கடையில் ஒரு கட்டில் இருந்தது. வாத்துப் படம் ஒட்டி, ஒரு பக்கக் கம்பி தாழ்ப்பாளை நீக்கினால் சரிந்து இறங்கும்படி செய்திருந்தார்கள். கடைக்காரர் அதை ஏற்றி இறக்கிக் காட்டினார். மூன்றாம் முறை அது தானாகவே இறங்கி அவர் விரலில் விழுந்தது. அவர் சிரித்துச் சமாளித்தார். எப்படியும் அது எங்கள் அறைக்குள் நுழைந்தால் நாங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். பக்கத்தில் ஓர் இரும்புக் கட்டில். அதன் கம்பிகளுக்கு நடுவே என் முஷ்டியை விட்டுப் பார்த்தேன், மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை போனது. என் கணவருக்கு இரும்புக் கட்டில் பிடித்துவிட்டது. இரும்பு, அசையாது என்றார். கம்பிக்குள் தலை மாட்டிக்கொண்டால் அப்போதும் அசையாது என்றேன். பஸ்ஸில் தேவையில்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்தது நாத்தனாரின் மாமியார் வீட்டுத் தொட்டில். சந்தவாசல் கிராமத்தில் அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்தது, இனாமாக வந்தது. நாலு மூலையிலும் மரக்கிளி உட்கார்ந்திருக்கும். சின்னதுதான், அறைக்குள் நுழையும்தான். ஆனால் கிளியின் பச்சை வர்ணம் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிற குழந்தைக்கு ஒரு வாரத்தில் நாலு கிளியும் வயிற்றுக்குள் போய்விடும். வேண்டாம் என்றேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறாள் என்று நாத்தனார் பத்து நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பத்து நாளும் எனக்கு நன்றாகவே நெசவு ஓடியது.

கடைசியில் எங்கள் தறிகளைச் செய்த ஆசாரியிடமே போனோம். வாழ்நாளில் அவர் தறிச் சாமான் தவிர வேறு செய்ததில்லை.

"தறிக்கும் நாலு காலு, கட்லுக்கும் நாலு காலு. செஞ்சுட்டா போச்சு," என்றார்.

நான் அளவு சொன்னேன். இரண்டுக்கு மூன்று. இரண்டு கம்பிக்கு நடுவே காபி டம்ளர் நுழையக் கூடாது. குழந்தை எழுந்து நின்றால் மேல்கட்டை அவள் மார்புக்கு வரவேண்டும். சரிகிற பக்கம், தாழ்ப்பாள், கிளி எதுவும் வேண்டாம். வர்ணமும் வேண்டாம். நான் ஒருத்தியே இழுக்கிற எடை போதும். ஆசாரி டம்ளரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதைத் திருப்பித் தரவே இல்லை.

மூன்றாம் வாரம் கட்டில் வந்தது. நான் அதைப்போல ஒரு மரச்சாமானைப் பார்த்ததில்லை. பட்டு இழை ஒரு சிலாம்பில் பட்டால் அறுந்துவிடும், அதனால் தறி ஆசாரிகள் மரத்தை உப்புத்தாள் போட்டு விரலுக்கு வழுக்குகிற மாதிரி தேய்ப்பார்கள். எங்கே நூல் படும், எங்கே படாது என்று பார்ப்பதில்லை. கை பழகிவிட்டது, தேய்ப்பார்கள். கம்பி, மேல்கட்டை, விளிம்பு, எல்லாம் தேய்த்திருந்தார். கவிழ்த்துப் பார்த்தேன். தரையில் ஊன்றுகிற நாலு பாதங்களையும் தேய்த்து மெழுகு போட்டிருந்தார். குழந்தை கன்னத்தை எங்கே வைத்தாலும் சிராய்க்காது. நான் அவரை மனதாரப் பாராட்டினேன். நாத்தனார்கூட மேல்கட்டையை இரண்டு முறை தடவிப் பார்த்தார்.

எங்கள் கூடத்துத் தரை சிவப்பு சிமெண்டு. எங்கள் கல்யாணத்துக்காக என் கணவர் போட்டது. முகம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைப்பார். தேய்த்த பாதத்தையும் துடைத்த தரையையும் சேர்த்து யோசிக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. வழவழப்பு எங்களுக்கு எப்போதும் நல்ல விஷயம்.

ஒரு மாதம் நன்றாகப் போயிற்று. என் குழியிலிருந்து ஐந்தடி தள்ளி, உள்ளறை வாசலில் கட்டில். அவள் கம்பியைப் பிடித்து நிற்கக் கற்றுக்கொண்டாள். இரண்டு தறியும் ஓடினால் தறிச்சத்தத்துக்கு ஏற்றபடி உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுவாள். நாங்கள் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. நெசவுக்காரன் குழந்தை தாளம் தப்பாது என்று என் கணவர் அதையும் பெருமையில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு நாள் முற்பகல், தெருக்குழாயில் தண்ணீர் வந்தது என்று எழுந்து போனேன். குடத்தோடு திரும்பி வந்தபோது கட்டில் உள்ளறை வாசலில் இல்லை. என் குழியின் விளிம்பில் இருந்தது. முன்கால்களுக்கும் குழிக்கும் நடுவே நாலு விரல் இடம். இரண்டு தறியும் நின்றிருந்தும் அவள் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள். என் கணவர் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டு, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழந்தை சிரித்து இரண்டு கையையும் நீட்டியது.

நான் குடத்தை இறக்கி வைத்தேன். கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுத்தேன். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். சொன்னால் நாத்தனாரின் காதுக்குப் போகும், போனால் பலகை வரும். சொல்லவில்லை. இதை இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கம் வரவில்லை, பயம் மட்டும்தான் வந்தது, அதிலும் பாதி தறிக்காக.

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில், அரிசிச் சாக்கைக் கிழித்துக் கட்டிலின் பாதங்களில் சுற்றிக் கட்டினேன். நாலாவது காலைக் கட்டும்போது தலையைத் துவட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"சாக்கு நிக்காது. நா முன்னாடியே கட்டிப் பாத்துட்டேன். நீ தண்ணிக்குப் போய் வர்றதுக்குள்ள அவுந்துடுது," என்றார்.

எத்தனை தடவை என்று கேட்டேன். ஒரு வாரமாக என்றார். நான் தண்ணீருக்கோ அடுப்புக்கோ எழுந்து போகும்போதெல்லாம் கட்டில் கிளம்பிவிடுமாம். கட்டில் நகர்கிற சத்தத்தை வைத்தே அவர் கண்டுபிடித்து, எழுந்து வந்து இழுத்துவிட்டு, நான் வருவதற்குள் போய் உட்கார்ந்துகொள்வாராம். நேற்று இழை முடிகிற மும்முரத்தில் காது கேட்கவில்லையாம்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீயே தறிய உட்டு எறங்கிடுவேன்னு நெனச்சேன்."

எனக்காகத்தான் மறைத்தார். அதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். அவர் மேலும் என் மேலும். பெற்றவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே தறிக்காகக் குழந்தையைக் குழி ஓரத்திலிருந்து இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அதைச் சொல்லியே திட்டினேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஒண்ணு பாத்தியா? என் குழிப் பக்கம் ஒரு தபாகூட வர்ல. எப்பவும் ஒங் குழிக்குத்தான் போவுது."

நான் எழுந்து போகிறேன். அவள் பார்ப்பது காலியான குழியை. நான் எந்த இடத்தில் இருப்பேனோ அந்த இடத்துக்குக் கட்டிலையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். சாக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நான் சுலபமாக அழுகிற ஆள் இல்லை.

அவர் உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். தறிக்காலை எப்படித் தரையில் நடுவோமோ அப்படியே நட்டுவிடலாம் என்றார். தரை போய்விடுமே என்றேன். போகட்டும் என்றார். முகம் பார்க்கலாம் என்று துடைத்துக்கொண்டிருந்த சிமெண்டில், உள்ளறை வாசலை ஒட்டி, நாலு இடத்தில் உளி வைத்தார். ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, கால்களை இறக்கி, கல்லும் காரையும் போட்டு இறுக்கினோம். மேல்கட்டை தாழ்ந்துவிட்டது என்று நான் பிடித்த பிடியில், ஆசாரியை வரவழைத்து ஒரு சாண் உயரம் ஏற்றவும் செய்தோம். இழுத்துப் போவதற்கென்றே சின்னதாகச் செய்த கட்டில் அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. பாப்பாவின் ரூமில் மறுபடி அரிசி மூட்டை ஏறியது.

நாத்தனார் வந்து பார்த்தார். கட்டிலை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். மூன்றாவது தறி போட்டுவிட்டீர்களா என்று கேட்டார். எதற்காக நட்டோம் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பலகைகள் அவர் கொல்லையிலேயே கறையான் பிடித்தன.

காரை இறுகிய மறுநாள் காலை, குழந்தையைக் கட்டிலில் விட்டேன். தறி ஓடியது, அவளும் ஆட ஆரம்பித்தாள். நான் வேண்டுமென்றே எழுந்து அடுப்படிக்குப் போய், கதவோரம் நின்று பார்த்தேன். அவள் என் குழியைப் பார்த்துக்கொண்டு ஆட்டினாள். கட்டில் அசையவில்லை. நிறுத்தினாள், குனிந்து தரையைப் பார்த்தாள், மறுபடி முழுப் பலத்தோடு ஆட்டினாள். அப்போதும் அசையவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதுவரை அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

நான் வந்து குழியில் காலைவிட்டு உட்கார்ந்தேன். ஐந்தடி தூரத்தில் அவள் என்னைப் பார்த்தபடியே மத்தியானம்வரை அழுதாள். நான் நெய்தேன்.